உங்கள் கட்சிக்கு மாறிவிட்டேன், மதினி

என் அன்புக்கும் வம்புக்கும் உரிய மதினிக்கு,

இந்த வார இதழும் வந்துவிட்டது. நம் தொடர்கதையில் நீலத்தும்பி இன்னும் கருங்குழிக்குள்ளேதான் கிடக்கிறது. கேப்டன் பரிதி போன வாரம் ஒரு நெம்புகோலைப் பிடித்தார், இந்த வாரம் அதை விட்டார். அவ்வளவுதான் கதை. கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் 'தொடரும்'. நீங்கள் இருந்திருந்தால், "இதுக்கு ஒரு வாரமா? எங்க கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடி தேடுறதே இதைவிட வெரசா நடக்கும்" என்று சொல்லியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை அந்தப் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கே அனுப்புகிறேன். உங்களுக்கு எழுத எனக்கு வேறு விலாசம் தெரியவில்லை.

படிக்கப்போகிறவர்களுக்காக உங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். இவர் என் அண்ணன் மனைவி வசந்தா. போடியிலிருந்து தினமும் விடியலில் ஜீப்பேறி, மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர். நீலத்தும்பி என்ற விண்கப்பல் இந்தப் பத்திரிகையில் முதன்முதலாகப் பறந்தபோது இவர் பாவாடை சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர்ப்பெட்டியில் சேலைக்கு அடியில் பழைய இதழ்கள்தான் இருந்தன. எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மருமகளா வந்திருக்கா, பழைய பேப்பர்க் கடையா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு கிரகம். கப்பல் கிளம்பும், வம்பு வரும், உருளை என்கிற எந்திரம் புகுந்து காப்பாற்றும், கடைசிப் பக்கத்தில் எல்லாரும் நிலா நிலையத்தில் வந்து இறங்குவார்கள். பிறகு கருங்குழி வந்தது. கதை மாதக்கணக்கில் இழுபட்டது. வாசகர் பக்கத்தில் ஊர் ஊராகச் சண்டை. வாராவாரம் முடிகிற கதைதான் கதை என்று ஒரு கட்சி, முடியாமல் தவிக்கவிடுவதுதான் சுகம் என்று மறு கட்சி. நம் வீடும் பிளந்தது. நீங்கள் முற்றும் கட்சி. நான் தொடரும் கட்சியின் போடி நகரக் கிளைச் செயலாளர், பொருளாளர், ஒரே உறுப்பினர்.

காலாண்டு லீவில் நானும் உங்களோடு தோட்டத்துக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? போடிமெட்டு ஏறுகிற வரைக்கும் ஜீப்புச் சத்தத்தை மீறி நீங்கள் கதை வாசிப்பீர்கள். வாசித்து முடித்ததும் நமக்குள் மூளும்.

"ஏலக்காய் என்ன ஒரே நாள்லயா பழுக்குது மதினி? பழுத்ததை எடுத்துட்டு, பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுட்டு வர்றீங்கள்ல? செடியே தொடரும் போடுது. கதை போடக் கூடாதா?"

"எடுத்த காயை அன்னன்னைக்கு நிறுத்துக் கொட்டிட்டுத்தானய்யா இறங்குறோம்? பாதி பிச்சுச் சரத்துலயே தொங்க விட்டுட்டா வர்றோம்? காலையில போன சனம் பொழுதுசாய வீடு வந்து சேரணும் கொழுந்தனாரே. கதையும் அப்படித்தான்."

உங்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ராக்கம்மா அக்கா என் பக்கம் பேசும். "நீ சும்மா இரு வசந்தா. அடுத்த வாரம்னு ஒண்ணு இருக்கப்போயித்தான் எனக்குத் திங்கக்கிழமை மலையேறக் காலு வருது."

டிரைவர் சீனி அண்ணன் திரும்பாமலே சொல்வார்: "என்னைய இழுக்காதீகம்மா. நான் சுயேச்சை. ரோட்டைப் பாக்கணும்."

அந்த லீவில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். மாதக்கணக்கில் விளிம்பிலேயே சுற்றிய கப்பல் குழிக்குள் தலைகுப்புற விழுகிற வாரம். 'தொடரும்' மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, கறுப்பு மையில் அச்சு மாதிரியே 'முற்றும்' என்று எழுதி வைத்துவிட்டேன். நீங்கள் வாசித்தீர்கள். 

"அம்புட்டுப் பேரும் செத்தா போனாக?" என்றது ராக்கம்மா அக்கா. "அந்த உருளைக்கிழங்குமா?"

நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பை மென்று விழுங்கினேன். மத்தியானச் சோற்றில் அது வெடித்துவிட்டது. நீங்கள் என் இடது காதைப் பிடித்துத் திருகினீர்கள். ராக்கம்மா அக்கா வெறுங்கையால் அடிக்க மனசில்லாமல் ஏலத்தட்டையைத் தேடிப் போனது. அப்போது நீங்கள் சொன்னது எனக்கு அன்றைக்கு வெறும் பேச்சு.

"ஆனா ஒண்ணு சொல்றேன் கொழுந்தனாரே. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுன்னு சொல்லிப்புடணும். காலையில அழுதேன், காய் எடுத்தேன், இந்தா, சோத்தைத் திங்கிறேன். தொங்க விட்டிருந்தா இதுவும் எறங்கியிருக்காது."

"அப்ப நான் எழுதின முடிவு நல்ல முடிவுங்கிறீங்க?"

வலது காதும் போயிற்று.

பிறகு ஐப்பசி மழை. சாயந்தரம் இறங்கி வரும்போது மண் சரிந்து ஜீப்பு ஒரு வளைவில் உருண்டது. சீனி அண்ணனுக்குக் கால் போச்சு, ராக்கம்மா அக்காவுக்குக் கை முறிந்தது. நீங்கள் இறந்துபோனீர்கள். வார்த்தையை வைத்து வித்தை காட்டுகிறவன் என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவன் நான். இந்த ஒரு வரியை மாற்றி எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை மதினி.

உங்கள் மகள் பூங்கொடியைப் பற்றிக் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களை வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் அவளைப் பக்கத்து ஊரான தேவாரத்தில் உங்கள் அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். சின்னப்பிள்ளை பயந்துவிடும் என்றார்கள். திரும்பி வந்தவள் உங்களைத் தேடினாள். "அம்மா தோட்டத்துல தங்கிருச்சு தாயி, நாளைக்கு வந்துரும்" என்றாள் எங்கள் அம்மா. அடுத்த நாள் அண்ணன் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் நானும் சொன்னேன். ஜீப்பு வருகிற நேரத்துக்கு அவள் தெருமுனையைப் பார்த்து வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஜீப்பு வரும். யார் யாரோ இறங்குவார்கள். அவள் எழுந்து உள்ளே வந்து, "நாளைக்கா?" என்று கேட்பாள். அழவே மாட்டாள். நாளைக்குத்தானே வரப்போகிறீர்கள், எதற்கு அழ வேண்டும்?

ஒருநாள் உங்கள் தூக்குவாளியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. உருண்ட ஜீப்பிலிருந்து யாரோ எடுத்து வந்து கொடுத்தது, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மூடியைத் திறந்தேன். உள்ளே பாதிப் பாதி பிஸ்கட்டாகக் கிடந்தது. பல நாள் பிஸ்கட். சிலது நமுத்து மாவாகிவிட்டிருந்தது. உங்களுக்காகத் தினமும் பாதி எடுத்து வைத்திருக்கிறாள், மதினி. அத்தனை பிஸ்கட்டுக்கும் காரணம் நாங்கள் சொன்ன அந்த 'நாளைக்கு'தான்.

ஏலக்காய் மண்டியில் வேலை முடிந்து அண்ணன் வந்ததும் காட்டினேன். "சொல்லிரலாம்ணே" என்றேன்.

"பச்சப்புள்ளடா. கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை வாரத்துக்குண்ணே தொடரும் போடுவ?"

அறைவதற்குக் கையை ஓங்கினான். கை அப்படியே நின்றது. பிறகு தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு வாய் வராதுடா. நீ சொல்லு" என்றான்.

வீட்டிலேயே பொய் அதிகமாகச் சொல்கிறவன் நான் என்பதால் என்னிடம் கொடுத்தானோ என்னவோ.

மறுநாள் வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீப்பு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், போய்விட்டது.

"நாளைக்கா சித்தப்பு?"

"இல்ல தாயி. அம்மா வந்த ஜீப்பு மழையில விழுந்துருச்சு. அம்மா செத்துப்போச்சு. இனிமே வராது."

"நாளைக்கும்?"

"நாளைக்கும் வராது."

தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள். "உருளை போயிக் கூட்டியாராதா?"

நீங்கள் தினமும் படுக்கையில் அவளுக்குச் சொன்ன கதை அது. உருளை போகாத இடமே அதில் கிடையாது. ஒரு நிமிஷம் என் நாக்கு பழைய புத்திக்குப் போகப் பார்த்தது மதினி. ஒரு கிரகம், ஒரு கப்பல், என்றைக்காவது ஒருநாள் என்று எத்தனை வாரத்துக்கு வேண்டுமானாலும் என்னால் இழுக்க முடியும். இழுக்கவில்லை.

"உருளையாலயும் முடியாது தாயி."

அப்போதுதான் அழுதாள். நீங்கள் போன பிறகு முதன்முதலாக. தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுதாள். அண்ணன் வந்து தூக்கிக்கொண்டான், அவனும் சேர்ந்து அழுதான். செய்தது சரிதானா, பிள்ளையைப் போட்டு வதைத்துவிட்டேனா? கேட்க நீங்கள் இல்லை.

அடுத்த நாள் சாயந்தரம் எங்கள் அம்மா பிஸ்கட் கொடுத்தாள். பூங்கொடி அதைக் கையில் வைத்துக்கொண்டு தூக்குவாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முழுசையும் தின்றாள். நான்தான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

ராக்கம்மா அக்கா கை கூடி மறுபடி மலையேறுகிறது. கதை வாசிக்க ஜீப்பில் ஆளில்லை என்று புலம்பியதால் லீவு நாட்களில் நான் போய் வாசிக்கிறேன். அந்த வளைவு வரும்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். தாண்டியதும், "ம், அப்புறம்? கப்பலு வெளிய வந்துச்சா?" என்று அக்காதான் முதலில் கேட்கும். அக்காவுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். நான் மட்டும் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன்.

பூங்கொடிக்குக் கதை சொல்கிற சோலி இனி என்னுடையது. அவள் கண் அசருவதற்குள் கப்பல் வந்து இறங்கிவிடும், இது சத்தியம். பத்திரிகைக்காரர்கள் என்றைக்கு நீலத்தும்பியை வெளியே எடுக்கிறார்களோ, அன்றைக்கு அந்த இதழோடு வளைவுக்கு வந்து, உங்களுக்கு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பேன். கடைசி வார்த்தையின் மேல் எதையும் ஒட்டியிருக்க மாட்டேன்.

இரண்டு காதையும் உங்கள் கைக்கென்றே விட்டுவைத்திருக்கும்
உங்கள் கொழுந்தன்,
சரவணன்