கொரின் வட்டத்துக்குள் நின்ற ஞாயிறு

எஃப்ரேம், யூட்டா
வியாழக்கிழமை

அன்புள்ள டாரின்,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். அலாஸ்காக் குளிரில் நீயும் சுகமாயிருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. வேறு யாராவது உனக்குப் போன் போட்டு வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு உன் அக்கா கொரினின் குழந்தைக்குச் சபையில் பேரிட்டு ஆசீர்வதிக்கும் நாள். ஆசீர்வதிக்கும் அதிகாரமாகிய ஆசாரியத்துவம் பெற்ற ஆண்கள் வட்டமாக நின்று பிள்ளையை ஏந்துவார்கள், பெற்றவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள், உனக்குத் தெரிந்ததுதான். கொரின் முன்கூட்டியே பிஷப் யார்ட்லியிடம் போய், "ஜெபம் என் வீட்டுக்காரரே சொல்லட்டும், பிள்ளையை மட்டும் நான் பிடிச்சுக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள். கூடாது என்றுவிட்டார். இவள் விடாமல், "பன்னெண்டு வயசுல என் தம்பிக்குக் குடுத்த ஆசாரியத்துவத்தை எனக்கு ஏன் குடுக்கல?" என்றாளாம். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அன்றைக்கு ஆண்கள் எழுந்து முன்னே போனார்கள். மாப்பிள்ளை டெண்டன் குழந்தைக்குக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு போய் வட்டத்துக்குள் நின்றுகொண்டாள். அப்பா குனிந்து, "போய் உக்காரும்மா, என் மானத்த வாங்காத" என்றார். பக்கத்தில் மைக் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவள் மெதுவாக, "இதுல உங்க மானம் எங்கப்பா வந்துச்சு, இது என் பிள்ளை" என்றாள். டெண்டனுக்கு வேர்த்து ஊற்றியது. எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி, "வெக்கங்கெட்டவ" என்றாள். அதைக் கேட்டதும் நான் எழுந்து போய்க் கொரின் பக்கத்தில் நின்றேன். பிஷப் என்னிடம், "நெல்டா, நீங்களாவது அவளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "அவளுக்குக் கை வலிச்சா நான் வாங்கிக்கிறேன் பிஷப், நீங்க ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் ஆரம்பிக்க விடவில்லை. பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார். பிள்ளை ஆசீர்வாதமில்லாமலே வீடு திரும்பியது. விருந்துக்குச் செய்த பன்றித்தொடையும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் அப்படியே ஆறிக் கிடந்தன, அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் வான்கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

பெண்கள் சங்கத் தலைவி பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு கொரினை மலைக்கு அந்தப்பக்கம் உள்ள சபை அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், விசாரிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். சபையை விட்டே நீக்கினாலும் நீக்குவார்கள். நானும் கூடப் போகிறேன் என்றதும் அப்பா, "பொம்பளைக்கு ஆசாரியத்துவம் வேணும்னு நீயும் நம்புறியா?" என்று கேட்டார். "தெரியல லவார். ஆனா அவ தனியா நின்னத என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல" என்றேன். நேற்று அவர் கார்ச்சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மலைப்பாதையில பனி இருக்கு, பாத்து ஓட்டு" என்றார்.

நீ அப்பாவைக் கூப்பிட்டுச் சண்டை போடாதே. கொரினைக் கூப்பிடு. நீ இங்கே இருந்திருந்தால் நீயும் அந்த வட்டத்தில்தான் நின்றிருப்பாய், அப்போது அவளுக்கு இடம் விட்டிருப்பாயா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கும்தான்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு படுக்காதே. ஆசீர்வதிக்க எனக்கு அதிகாரமில்லை என்பார்கள். இருந்தாலும் என் இரண்டு கையும் உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்.

உன் அம்மா
நெல்டா