நாற்பதாவது ஆள்

மார்ச் 6

தங்கைக்கு,

உன் அண்ணியைப் பற்றி நீ பொய் எழுதியிருக்கிறாய்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துச் சரிபார்த்தால் போதும் என்ற உன் ஆராய்ச்சி அச்சில் வந்ததும் வரவழைத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தேன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் இருபத்தாறு வருடமாக நோயாளிகளின் முகம் அசையாமலிருக்க முகமூடி வார்ப்பவன். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாயா?

நாற்பது பேர் சேர்ந்தார்கள், முப்பத்தொன்பது பேர் முடித்தார்கள், 'ஒருவர் தம் விருப்பப்படி விலகினார்' என்று இருக்கிறது. விலகினாளா? காய்ச்சலோடு வந்தாள். வாயெல்லாம் வெந்து தண்ணீர்கூட இறங்காத நாளிலும், "ஒரு நாள் விட்டா நாத்தனார் கணக்கு கெட்டுடும், கெளம்புங்க" என்று என்னை விரட்டினாள். முதல் நாள் வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அவள் முகத்தில் அழுத்தியபோது என்ன சொன்னாள் தெரியுமா? "கல்யாணத்தன்னைக்குக்கூட என் மூஞ்சிய இவ்ளோ நேரம் பாக்கலையே!"

நாலாவது வாரம் முகம் வற்றி முகமூடி தளர்ந்தது. அதையும் சமாளித்தேன். அடுத்த திங்கட்கிழமை திடீரென்று புதிது வார்க்கச் சொன்னாய், வார்த்தேன். பழையதை நீ ஏன் எடுத்துப் போனாய்?

ஊர் மாறிப் பெரிய பதவிக்குப் போனபின் போனையும் எடுப்பதில்லை. எழுத்தில் பதில் வேண்டும்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். அண்ணி விலகவில்லை. நான்தான் கணக்கிலிருந்து எடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை எடுத்த படத்தில் முகமூடிக்குள், இடது கன்னத்தோரம், மடித்த காஸ் துணி, காயத்துக்குக் கட்டுவது, தெரிந்தது. அந்த மடிப்பு உங்களுடையது. துணி தள்ளியதில் முகம் திரும்பியிருந்தது, நாலு மில்லிமீட்டர். அந்த ஓரத்தில் கதிர் சரியாகப் படவில்லை. வாரத்துக்கு ஒரு படம்தான் என்பதால் நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து நோய் திரும்பியது அந்த ஓரத்தில்தான். அந்த நாலு நாளால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது அண்ணா. இல்லை என்றும் சொல்ல முடியாது.

உண்மையை எழுதினால் விசாரணை வரும், உங்கள் வேலை போகும். அதைவிட, உங்களுக்கே தெரிந்துவிடும். அண்ணியை இழந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முகமூடி துணியோடு என் அலமாரியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். இது நம் இருவரோடு போகட்டும்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

கிழிக்கவில்லை.

துணி வைத்தது நான்தான். செவ்வாய்க்கிழமை முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனது. "லூசா இருக்கும்மா" என்று உன்னிடம் சொன்னேன். "திங்கக்கிழமை படம் எடுக்கறப்ப பாத்துக்கலாம்ணா" என்றாய். புதிது வார்த்தால் மூன்று நாள் சிகிச்சை நிற்கும் என்று பயந்தேன். அது மட்டுமில்லை, என் கையில் வார்த்தது சேரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்காக நீ எழுதியது சரியாகிவிடாது.

என்னைக் காப்பாற்றியதாகச் சொல்கிறாய். உன் கட்டுரையையும்தான் காப்பாற்றிக்கொண்டாய். அதை நம்பி இன்றைக்கும் எங்கேயோ ஒருத்தர் தளர்ந்த முகமூடியோடு படுத்திருக்கிறார்.

இனி செய்ய வேண்டியவை:

நீ: பத்திரிகைக்குத் திருத்தம் எழுது. நாற்பதாவது ஆள் விலகவில்லை, முகமூடி தளர்ந்தது, சொல்லியும் நிறுத்தவில்லை, துணி வைத்தது கணவன் என்று எழுது. அந்த முகமூடியை விசாரணைக் குழுவுக்கு அனுப்பு. அதுவரை இந்த வீட்டுப் படி ஏறாதே.

நான்: நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்றே மருத்துவமனைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தின் நகலும் அதில் இருக்கிறது. முகமூடி அறைச் சாவியையும் ஒப்படைத்தேன்.

எனக்குப் பதில் வருபவர்: தினமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விரல் நுழைந்தாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், யார் என்ன சொன்னாலும்.

உன் அண்ணி: அவள் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. முப்பத்தைந்து தடவையும் வந்தாள்.

அண்ணன்