குளிர்ந்தது

கோம்பை,
ஆவணி 11, புதன்.

அன்பு மகள் உமாதேவிக்கு அப்பா ஒச்சாண்டி எழுதுவது.

திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு நம் வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. இனிமேல் தண்ணீர்ச் சோதனை நோட்டில் ‘அணைந்தது’ என்று எழுதலாம் என உன் அம்மா சம்மதித்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கொள்கையை மாற்றிக்கொண்டது இதுவே முதல் முறை.

சித்திரையில் புனேயிலிருந்து சோதனைத் தாள்கள் அனுப்பினாய் அல்லவா? தண்ணீரில் நனைத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் நீல டார்ச்சை அடித்தால் தாள் பச்சையாக ஒளிரும். செம்பு கலந்திருந்தால் ஒளி அணைந்துவிடும் என்றாய். நான் டார்ச் பிடித்தேன். கண்புரை ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அது. எனக்கு எல்லாமே மங்கல். அம்மாதான் பார்த்து எழுதினாள். ஐந்து கிணறுகளுக்கு ‘ஒளிர்ந்தது’. நம் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றுக்கு ‘குளிர்ந்தது’.

நோட்டைப் படம் பிடித்து அனுப்பியதும் நீ அந்தக் ‘குளிர்ந்தது’வை எழுத்துப் பிழையாக்கினாய். ஆறு கிணறும் நல்ல தண்ணீர், அம்மாவுக்குத்தான் ‘ஒ’ எழுத வரவில்லை என்று பதில் போட்டாய். நாங்கள் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தோட்டத்துத் தண்ணீருக்கு மாறினோம்.

எட்டாவது வரை படித்தவளுக்கு அந்தச் சொல் ஆறவில்லை. திங்களன்று நோட்டை என் முன்னால் போட்டாள். “நான் எழுதினது குளிர்ந்ததுதேன். மாசமா இருக்குற பிள்ள உள்ள வீட்ல வெளிச்சம் அணைஞ்சிருச்சுன்னு எழுதுவாகளா? வெளக்கக் குளிர வச்சாச்சுன்னுதான சொல்லுவோம்? அம்புட்டுப் படிச்சும் ஒங்க மகளுக்கு இது தெரியலையே!” என்றாள். அணைந்தால் என்ன அர்த்தம் என்று நீ என்னிடம்தான் சொல்லியிருந்தாய். அவளிடம் சொல்ல நான் மறந்திருந்தேன்.

திராட்சைக்கு அடிக்கும் செம்பு மருந்தான மயில்துத்தத்தைக் கரைக்கும் தொட்டி அந்தக் கிணற்றடியில்தான் இருக்கிறது. இடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி கிருபாவதிக்கு ஏழாம் மாதம். இன்னும் வாந்தி நிற்கவில்லையே என்றால், ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான் என்று அம்மா சொல்லிவந்தாள். நேற்று தேனியில் டாக்டரிடம் காட்டினோம். பிள்ளையின் துடிப்பு சரியாக இருக்கிறதாம். ரத்தப் பரிசோதனை முடிவு சனிக்கிழமை தெரியும்.

போனில் பேசினால் கிருபாவதி காதில் விழும் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். புதுத் தாள்கள் அனுப்பு. அம்மாவிடம் அந்த ‘ஒ’வுக்கு மன்னிப்புக் கேள். கண் விழித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நன்றாக இரு, ஆத்தா.

அப்பா.

பி.கு.: திங்கள் மாலையிலிருந்து கேன் தண்ணீர்தான். அதற்குப் பிறகு கிருபாவதி வாந்தி எடுக்கவில்லை.