பொட்டி மாறிய செய்தி

பாட்டு நிற்காத இடத்தில் இருக்கும் என் அன்பு மாப்பிள்ளை அந்தோணிக்கு,

எழுத ஆரம்பித்தால் எங்கோ போய்விடுவேன். அதனால் சொல்லவேண்டியதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. உன் கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம்.
2. திரும்பி வந்தது வேறு கிட்டார்.
3. அந்த வேறு கிட்டாரை நான் ரசித்துக் கேட்டேன். இதற்கு உன் மன்னிப்பு வேண்டும்.

உன் முதலாண்டு நினைவுப் பூசையில் அதை வாசிக்கவேண்டும் என்பது உன் மனைவி, என் தங்கை லூர்துவின் ஆசை. வயர் சொருகும் இடத்தில் கரகரப்பு. உன் ஆம்ப்ளிஃபயரும் இருமிக்கொண்டிருந்தது. இரண்டையும் பழுதுபார்க்கும் புளியந்தோப்பு முனுசாமியிடம் கொடுத்தேன். கிட்டார் மட்டும் முதலில் வந்தது. இராயபுரம் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னான்: "பொட்டி மாத்திட்டேன் சார். பழசு உப்புக் காத்துல பூட்ச்சி. புதுசு சோக்கா கீது."

நம் வீட்டில் பொட்டி என்றால் எது? "லூர்து, பொட்டிய எடு" என்று நீ சொன்னால் அவள் கிட்டாரைத்தானே எடுத்துவருவாள்? கிட்டாரையே மாற்றிவிட்டான் என்று நினைத்தேன். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்தவன், ஒரு கேள்வி கேட்கப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கேட்பதற்குப் பதில் சோதித்தேன். காரணம் சொல்லாமல் லூர்துவை வாசிக்கவைத்தேன். கோயில் பாடகர் குழுவின் சின்ன ஆம்ப்ளிஃபயரில் வெறும் மரம் பேசுவதுபோல மெல்ல வந்தது. கீபோர்டு டீச்சர் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில், கச்சேரிக்காரர்களின் பெரிய ஆம்ப்ளிஃபயரில், கிட்டாரின் குமிழை மர ஒலியிலிருந்து எலக்ட்ரிக் ஒலிப் பக்கம் திருப்பியதும் ஒரே தந்தி வெண்கலமாக நீண்டது. வெளியே போன கண்டெய்னர் லாரியின் சத்தம் கூடக் கேட்கவில்லை.

மூன்று இடம், மூன்று கிட்டார். ஒரே கருவி இப்படி ஆள் மாறுமா? நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் மண்டபத்தில் "இன்னொரு தரம்" என்று கேட்டவனும் நான்தான். திருட்டுப் பொருளில் இவ்வளவு சுகம் காணலாமா, மாப்பிள்ளை?

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. புதன்கிழமை லூர்துவிடம் சொல்லிவிட்டேன். "அவரோடது இல்லன்னா நான் பூசையில வாசிக்க மாட்டேன்" என்றாள். கிட்டாரையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

"இன்னாடா முனுசாமி, பொட்டிய மாத்திட்டியாமே?"

"ஆமாக்கா."

"பழசு எங்க?"

"தோ, அடுப்பெரிக்க வெச்சிகீறேன்."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அவன் காட்டிய மூலையில் கிடந்தது, உன் ஆம்ப்ளிஃபயரின் உளுத்துப்போன மரக்கூடு. பக்கத்திலேயே, புதுப் பலகைக் கூட்டுக்குள் உன் ஆம்ப்ளிஃபயர். அவன் தொழிலில் அந்தக் கூட்டுக்குத்தான் பொட்டி என்று பெயராம்.

"அந்தோணி அண்ணன் கையி பட்ட கிட்டார மாத்துவனா நானு? சார், வாசல்லயே கேட்டா இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

லூர்துவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஏண்ணே, அவரு கோயில்ல ஒரு குரல், ஹார்பர்ல ஒரு குரல், வூட்ல ஒரு குரல்னு பேசுன ஆளு. அப்ப நான் மூணு பேரயா கட்டிக்கினேன்?"

அங்கேயே உன் ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்தாள். இதுவரை கேட்காத நான்காவது குரல். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

முனுசாமியிடம் நான் இன்னும் வாய்திறக்கவில்லை. பூசை அன்று ஆம்ப்ளிஃபயரை அவனே கொண்டுவருகிறான். எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பட்டியலை அடித்துத் திருத்தவில்லை. நீயும் பார்க்கவேண்டும் என்று விட்டுவைத்தேன். எண் இரண்டு தவறு, மாப்பிள்ளை. வந்தது உன் கிட்டார்தான்.

கேட்கவேண்டியதைக் கேட்கத் தெரியாத,
உன் லூர்துவின் அண்ணன்