பனியில் நடந்த வகுப்பு

அன்புள்ள அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரே கதைக்க வெட்கமாக இருக்கிறது.

நோர்வேயில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்தில், பனி கொட்டத் தொடங்கியதும் பிள்ளைகளை உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய வகுப்பே வெளியில்தானாம். பிறகு அந்த ஏழு வயதுப் பிள்ளைகள்தான் எனக்குப் பனிச்சறுக்குப் பழக்கினார்கள்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது அம்மா, “காதைக் கட்டினியோ பிள்ளை?” என்று கேட்டா. நீங்கள், “எத்தினை தரம் விழுந்தனி?” என்றீர்கள். “பதினொரு தரம்” என்றதும் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்குப் புதிது.

இத்தாலியில், இந்தப் பலேர்மோ நகரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி இங்கேயே படிப்பிப்பாள் என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த நோர்வேப் பள்ளிக்கூடம் வருகிற ஓகஸ்டிலிருந்து என்னை வேலைக்கு அழைத்திருக்கிறது.

போ என்று சொல்லுங்கள் அப்பா.

உங்கள் மூத்த மகள்