கோப்பைக்குள் சிவப்பு உறை

தைனான்
தைவான்
நவம்பர் 12, 2023

அன்பு மகள் யா-ரூங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் இன்னும் படபடக்கிறது. போனில் பேசினால் உன்னைத் திட்டிவிடுவேன், நீ அழுவாய், பிறகு நானும் அழுவேன். அதனால்தான் கடிதம்.

காலையில் உன் சித்தி ஷூ-லான் வந்தாள். ரயிலடிக்குப் பின்னால் ஜப்பான் பாணியில் ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார்களாம். பத்து மணிக்குப் போனால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாக முடிந்துவிடும், தானே வாங்கித் தருகிறேன் என்றாள். உன் சித்தி என்றைக்கு எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்திருக்கிறாள்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். லிப்ஸ்டிக் வேறு போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அந்தக் கடையில் காபியைப் படாத பாடு படுத்துகிறார்கள். உப்புப் போட்ட பிளம் பழமும் சோடாவும் சேர்த்து ஒன்று, கறுப்பு எள்ளை அரைத்துப் பாலேட்டோடு ஒன்று. சித்தி என்னைக் கேட்காமலே எல்லோருக்கும் லோங்கன் பழமும் நாட்டுச் சர்க்கரையும் போட்ட காபி சொன்னாள். எல்லோருக்கும் என்றால், எங்கள் நீள மேஜையில் தற்செயலாக உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் சேர்த்து. கௌ என்று ஒருவர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவருடைய அக்காவும் அக்கா கணவரும். சித்தியோடு கோயில் யாத்திரைக்கு வந்தவர்களாம்.

அங்கே மேஜைக்குக் கொண்டுவந்து தர ஆளில்லை. வட்டமாக ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள், காபி தயாரானதும் அது அதிர்கிறது. சித்தி அதை என் கையில் திணித்திருந்தாள். அதிர்ந்தது, போனேன், தட்டோடு வந்தேன். வயதில் மூத்தவருக்கு முதலில், இரண்டு கையாலும் கொடுத்தேன். நாம் வேறு எப்படிக் கொடுப்போம்?

எல்லோரும் குடித்தார்கள். கௌவின் அக்கா கோப்பையைக் காலி செய்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். ஒரு சிவப்பு உறையை எடுத்துச் சுருட்டிக் கோப்பைக்குள் செருகி, தட்டில் வைத்தார்.

இருபத்து மூன்று வயதில், உன் அப்பா வீட்டார் பெண் பார்க்க வந்தபோது இப்படித்தான் இனிப்புத் தேநீர்த் தட்டை ஏந்தி நின்றேன். பெண்ணைப் பிடித்திருந்தால் காலிக் கோப்பைக்குள் பணம் வைத்த உறை வரும். இப்போது அறுபத்தொரு வயதில், அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒன்றும் தெரியாமல், எனக்கு நானே அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"கை நடுங்காம குடுக்குறா, பாத்தீங்களா? நல்ல பொண்ணுதான்" என்று அந்த அம்மா தன் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் தன் தட்டில் இருந்த முட்டை சாண்ட்விச்சைப் பார்த்தாள்.

"கோச்சுக்காதக்கா. யா-ரூங்தான் ஆள் தேடச் சொன்னா."

நீயா? என் வயிற்றில் பிறந்த நீயா? யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை என் பைக்குள் இருக்கிறது. அதுவும் சித்தி வேலைதான். ஏன் இப்படிச் செய்தாய், அதை மட்டும் எழுது.

அம்மா

---

ஹாம்பர்க்
நவம்பர் 27, 2023

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். தட்டு, உறை எதுவும் எனக்குத் தெரியாதம்மா. நல்ல மனிதராக ஒருவரைப் பார் என்று சித்தியிடம் சொன்னது மட்டும் நான்தான்.

ஆகஸ்டில் நீ குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தாயே. அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை, சித்திதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் மாப்பிள்ளை மத்தியாஸும் நானும் இங்கே வீடு வாங்கிவிட்டோம். "இன்னும் ரெண்டு வருஷத்துல வந்துடுறேம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வர முடியாதம்மா. உன் பக்கத்தில் யாராவது இருந்தால் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரும் என்று நினைத்தேன். திட்ட வேண்டுமானால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் யா-ரூங்

---

தைனான்
டிசம்பர் 17, 2023

அன்பு மகளுக்கு,

சிவப்பு உறையைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியாது, யா-ரூங். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சித்திக்குத் தெரியும். நான்தான் வருடா வருடம் உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

உறையைத் திருப்பிக் கொடுக்கக் கௌவை அதே கடைக்கு வரச் சொன்னேன். மனிதர் வந்து உட்கார்ந்ததும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் ஒன்றும் தெரியாதாம். வான்கூவரில் இருக்கும் மகன் அத்தைக்குப் போன் போட்டு ஏற்பாடு செய்திருக்கிறான். "நம்ம ரெண்டு பேரையும் புள்ளைங்க ஒரே மேஜையில தள்ளிவிட்டுட்டாங்க" என்றார். உங்கள் மகன் வருவானா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் எனக்கு எள் காபி வாங்கி வந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். எனக்கு அழுகையும் வந்தது.

கல்யாணம் எல்லாம் கிடையாது, சித்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போகிறோம். அது நீ பார்த்து வைத்ததற்காக இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு வேண்டியது என் சம்மதம்தானே? அதை நேராகக் கேட்டிருந்தாலே கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டேன், அங்கேயே இரு, நன்றாக இரு.

புத்தாண்டுக்கு முந்தைய இரவுச் சாப்பாட்டில், ஊரில் இல்லாத பிள்ளையின் உடுப்பை நாற்காலியில் போட்டு வைப்போம் அல்லவா? பதினோரு வருடமாக உன் நீல ஸ்வெட்டரைப் போட்டு வைத்தேன். இந்த வருடம் போடப்போவதில்லை. துவைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் அதிகம், போட்டுக்கொள்.

அம்மா