அறுபத்தொரு கிலோ

நாள் 212 | 07:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் தெய்வானை, மண் ஆய்வாளர், வயது 44. செவ்வாயின் தெற்கு முகாமில் தனியாக இருக்கிறேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வடக்கு முகாமில் பொறியாளர் ரெஜினா. அவளும் தனிதான். காற்றழுத்தம் சரி. கீரைத் தொட்டி சரி. என் எடை, பூமிக் கணக்கில், 72.4.
பூமியிலிருந்து செய்தி: எங்களை ஏற்றிப்போக வரும் கலத்தில் எரிபொருள் கசிவு. இருவரும் சேர்ந்து 122 கிலோவைத் தாண்டினால் அது எழும்பாது. ஆளுக்கு 61. தொண்ணூறு நாள் இருக்கிறது.

நாள் 215 | 13:00
பூமியிலிருந்து டாக்டர் சகாயம், எங்கள் இருவருக்கும்: "பட்டினி மட்டும் கிடக்காதீங்க. தட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா உட்காருங்க. பசி வயித்துலயா, மனசுலயான்னு எழுதி வையுங்க. ஒருநாள் தவறினா உங்களையே திட்டிக்காதீங்க. அடுத்த வேளை சரியாச் சாப்பிட்டாப் போதும்."
எழுதினேன். மதியம்: வயிறு. மாலை நான்கு: சலிப்பு. பிஸ்கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நாள் 233 | 16:20
நான் 70.1. ரெஜினா 68. அவளுக்கு 73-இல் தொடக்கம்! தினமும் வானொலியில் உற்சாகமாக அறிவிக்கிறாள்: "அக்கா, இன்னிக்கு இன்னும் இருநூறு கிராம்!"
டாக்டர்: "ரெஜினாவைப் பாருங்க தெய்வானை, என்ன மன உறுதி!"
கேட்டு முடித்ததும் ஆறு கடலை மிட்டாய். ஏட்டில் வயிறு என்றும் எழுதவில்லை, மனசு என்றும் எழுதவில்லை. ரெஜினா என்று எழுதினேன்.

நாள் 251 | 09:30
ஏட்டைப் புரட்டினேன். அளவு மீறிச் சாப்பிட்டது பத்தொன்பது தடவை. அதில் பதினைந்து, அவள் குரலைக் கேட்டபிறகு. பயிற்சிக் காலத்திலும் இப்படித்தான். அவள் சிரித்தால் எனக்கு உள்ளே எரியும். என்னைவிட எட்டு வயது சின்னவள். எல்லாமே அவளுக்கு எளிதாக வந்துவிடும்.
முகாம்களுக்கு இடையிலான வானொலியை அணைத்தேன். பூமித் தொடர்பு மட்டும் போதும்.

நாள் 272 | 08:00
66.2. வழி பிடிபட்டுவிட்டது. மெதுவாக மெல்கிறேன். கை தானாக டப்பாவுக்குப் போனால், எழுந்து கீரைக்குத் தண்ணீர் விடுகிறேன். தவறினால் திட்டிக்கொள்வதில்லை. நிஜமாகவே பசிப்பது எப்படி என்று இத்தனை வயதில் இப்போதுதான் தெரிகிறது.
டாக்டர் சொன்னார்: ரெஜினா 65-இல் பத்து நாளாக நிற்கிறாளாம். வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

நாள் 280 | 08:05
64.7. பூமிக்கு அனுப்பியது: 61.3. "ரெஜினாவுக்கும் சொல்லுங்க, அவளுக்கு உற்சாகமா இருக்கும்" என்று சேர்த்தேன்.
ஒரு தடவை அவள் என்னைப் பார்த்து வேகட்டுமே.

நாள் 289 | 11:40
டாக்டர்: "ரெஜினா ரெண்டு நாளாப் பதில் தரல. உங்க வானொலியில கிடைக்கிறாளா பாருங்க."
திறந்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்காக அவள் விட்டுவைத்த பதிவுகள் பதினொன்று. முதல் எட்டும் நலம் விசாரிப்பு.
ஒன்பதாவது: "61.3-ஆ? எப்படிக்கா? பயிற்சியிலயும் டாக்டர் உங்களைத்தான் நிதானமானவங்கன்னு சொல்லுவார். எனக்கு வயிறு எரியும். சொல்லவே வெக்கமா இருக்கு."
பத்தாவது: "சாப்பாட்டை நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. தண்ணியும் கொஞ்சம்தான்."
பதினொன்றாவது: "அக்கா, படபடன்னு வருது. ஒரு வார்த்தை பேசுங்களேன்."
வண்டியை எடுக்கிறேன். உப்புக் கரைசல், கஞ்சி மாவு, மருந்துப்பெட்டி.

நாள் 289 | 17:15
வடக்கு முகாம். ரெஜினா எடைமேடைக்குப் பக்கத்தில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கஞ்சி கலக்கினேன். யாருக்கு என்று

நாள் 289 | 17:50
ரெஜினாவுக்கு மூச்சில்லை என்று பூமிக்குச் சொன்னேன். என் உண்மையான எடையையும் சொன்னேன். 280-ஆம் நாள் 61.3 இல்லை, 64.7 என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதையும்.

நாள் 289 | 18:35
டாக்டரின் பதில் வந்தது. "தெய்வானை, இனிமே நீங்க எடை குறைக்க வேண்டியதில்லை."